பத்து ஜிபி கோப்பில் ஓர் எண்ணைத் திருத்துவது

எண்ணூருக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலும் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. அதிலுள்ள ஏஐஎஸ் கருவி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை வானொலி அலையில் அனுப்பும். கப்பல் மெதுவாக ஓடினாலே பத்து விநாடிக்கு ஒருமுறை, அதாவது ஒரு நாளைக்கு 8,640 தடவை. பல கப்பல்கள், பல மாதங்கள் என்று சேர்ந்தால் கோப்பு ஜிபி கணக்கில் வீங்கிவிடும்.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளிகளில் அள்ளினார்கள். இப்படியொரு விபத்தில் எந்தக் கப்பல் எந்த விநாடியில் எங்கே இருந்தது என்று அறிய இத்தகைய பதிவுகள் வேண்டும்.

ஆனால் பதிவுகளில் ஓட்டைகளும் இருக்கும். தீர்க்கரேகை 180 பாகைக்கு மேல் கிடையாது. தன் இடம் தெரியாதபோது ஏஐஎஸ் கருவி 181 என்று அனுப்பும். ஆய்வாளர் ஒருவர் முன்பின் பதிவுகளை வைத்துக் கணித்து, அதை 80.35 என்று மாற்றுவதாகக் கொள்வோம். மூன்று எழுத்து இருந்த இடத்தில் இப்போது ஐந்து. கோப்பில் எழுத்துகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்பவை. திருத்தம் கோப்பின் தொடக்கத்தில் என்றால், இரண்டு எழுத்துக்காகப் பின்னாலிருக்கும் பத்து ஜிபியும் நகர வேண்டும்.

கோப்பைத் திருத்தும் மென்பொருளான எடிட்டர், நல்லதாக இருந்தால், எதையும் நகர்த்துவதில்லை. கப்பலின் லாக் புத்தகத்தில் பிழையை அழிக்கக் கூடாது. ஒரு கோடு கிழித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எடிட்டரும் மூலக் கோப்பைத் தொடாமல், 80.35-ஐத் தனி இடத்தில் எழுதிவைக்கிறது. பிறகு ஒரு சிறு பட்டியல்: மூலத்தில் இதுவரை, அடுத்து புதியதில் ஐந்து எழுத்து, மீண்டும் மூலத்தில் இங்கிருந்து கடைசிவரை. திரையில் தெரிவது அந்தப் பட்டியலின்படி கோத்த துண்டுகள்தான். திருத்தம் வேண்டாமென்றால் பட்டியலைப் பழையபடி மாற்றினால் போதும். 1974-ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த பிராவோ எடிட்டரிலேயே இந்த உத்தி உண்டு. திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால் பட்டியலில் தேடுவதே தாமதமாகும். அதனால் 2018-ல் இந்த முறைக்கு மாறிய விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டர், துண்டுகளை மரம்போலக் கிளைபிரித்து அடுக்குகிறது.

'சேமி' என்று சொல்லும்போதுதான் முழு வேலையும் வருகிறது. கவனமாக எழுதப்பட்ட மென்பொருள், துண்டுகளை வரிசையாகப் புதிய கோப்பில் எழுதி முடித்த பிறகே பழைய பெயரை அதற்குச் சூட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் பழையது பிழைக்கும். ஆனால் பெயர் மாறியதும் மூலம் போய்விடும். கணித்து நிரப்பிய எண் கருவி அனுப்பிய எண்ணை விழுங்கிவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எனவே வேறு பெயரில் சேமியுங்கள். வேலைக்கு உட்காருமுன் வட்டில் இன்னொரு பத்து ஜிபி காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.