அனியின் ஈமச்சுருள்: பட்டறையும் பெயரும்

இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 10470 என்னும் எண்ணுடன் காக்கப்பெறும் பாப்பிரசுச் சுருள், எகிப்தின் 19-ஆம் அரசமரபுக் காலத்தில், ஏறத்தாழ கி.மு. 1250-ஐ ஒட்டி எழுதப்பெற்றது. தீப்சு நகரில் கிடைத்த இச்சுருளுக்கு உரியவர் அனி என்னும் உயர்நிலை அலுவலர். அரச எழுத்தர், தெய்வக் காணிக்கைகளின் கணக்கர், அபைதோசுத் தெய்வங்களின் களஞ்சியக் கண்காணிப்பாளர் எனச் சுருள் அவரைச் சுட்டுகின்றது. அவர்தம் மனைவி துத்து, அமுன் கடவுளின் பாடகியாகப் பணி புரிந்தவர்.

இறந்தவர் மறுமை வழியைக் கடக்கத் துணைசெய்யும் மந்திரங்களின் தொகுப்பே இச்சுருள். எகிப்தியர் இத்தொகுப்பைப் ‘பகலில் வெளிவருதல்’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். ‘இறந்தோர் நூல்’ என்னும் பெயர், செருமானிய அறிஞர் இலெப்சியசு 1842-இல் இட்டதாகும். அனியின் சுருளில் பெரிதும் அறியப்பெற்றது நெஞ்சம் நிறுக்கும் காட்சி. தராசின் ஒரு தட்டில் அனியின் நெஞ்சமும், மறுதட்டில் வாய்மையைக் குறிக்கும் மாத்தின் இறகும் வைக்கப்பெறுகின்றன. அனுபிசு தராசின் முள்ளை நோக்க, தோத்து முடிவை எழுதுகின்றார். முதலைத் தலையும் அரிமாவின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித்து, தோற்கும் நெஞ்சை விழுங்கக் காத்திருக்கின்றது.

இத்தகைய ஒழுங்குடைய சுருள் முழுவதும் அனிக்கெனவே எழுதப்பெற்றதன்று. தனித்தனியே ஆக்கப்பெற்ற பாப்பிரசு நீளங்கள் ஒன்றாக ஒட்டப்பெற்றன. ஒன்றுக்கு மேற்பட்டோர் கைகள் அதில் உழைத்துள்ளன. சில பகுதிகளில் அனியின் பெயர் மூல எழுத்தர் கையாலேயே அமைய, ஏனைய பகுதிகளில் முன்னரே விடப்பெற்ற வெற்றிடத்தில் அது பின்னர் எழுதப்பெற்றது. எனவே, பட்டறைகள் விற்பனைக்கென ஆயத்தமாக வைத்திருந்த பகுதிகளும் இதனுள் இடம்பெற்றன எனக் கொள்ளலாம்.

எகிப்தியர் கருத்தில் பெயர் ஆளின் ஒரு கூறு. பெயர் அழியின் ஆளும் அழிவார். ஆகலின், பொதுவாக ஆக்கப்பெற்ற மந்திரத்தை ஒருவர்க்கு உரியதாக்கியது அவ்வெற்றிடத்தில் எழுதிய பெயரே. பொதுமையும் தனிமையும் சந்திக்கும் இடம் அதுவாகும்.

ஏறத்தாழ 24 மீட்டர் நீளமுடைய இச்சுருளை 1888-இல் அருங்காட்சியகத்திற்காகப் பெற்ற வாலிசு பட்சு, அதனை 37 தாள்களாக வெட்டுவித்தார். உரையின் பிரிவுகளைப் பொருட்படுத்தாது ஏறத்தாழ ஒத்த நீளத்தில் அமைந்த வெட்டுகள், தொடர்ந்து செல்லும் ஓவியத்தையும் எழுத்தையும் துண்டித்தன. பெயர் நிரப்பிய கையும் ஒட்டுகளின் இடமும் சுருளின் ஆக்கமுறையை உணர்த்தும் சான்றுகளாதலின், உரையை மட்டும் படித்தல் போதாது. எழுதுபொருளையும் படித்தல் வேண்டும்.