விரல் மீட்டாத கிற்றார்

தை மாதத்தில் எங்கள் மண்டைதீவு வெளியில் பட்டம் ஏறினால் விண் கூவும். வில்லில் இழுத்துக் கட்டிய நாரை யாரும் மீட்டுவதில்லை; காற்று உரசுமட்டும் அது ஒலிக்கும். கிற்றார் தந்தி அப்படியல்ல. மீட்டியதும் எழும் ஒலி சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும்.

அதை நீட்டி ஒலிக்கச் செய்ய 1970களில் இங்கிலாந்தில் இருவர் முயன்றனர். ‘டென் சிசி’ இசைக்குழுவின் கெவின் கொட்லியும் லோல் கிறீமும் உருவாக்கிய அந்தக் கருவியின் பெயர் கிஸ்மோட்ரோன். பெரிய வயலின் குழுவை அமர்த்தாமல் அந்த ஒலியை மின்கிற்றாரிலேயே பெறுவது அவர்களின் நோக்கம்.

கிற்றாரின் உடலில் பொருத்தும் சிறு பெட்டி அது. மோட்டர் ஒன்று, தந்திக்கு ஒன்றாக ஆறு சிறிய பற்சக்கரங்களைச் சுழற்றும். ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய சக்கரம் தந்தியில் பட்டு, வயலின் வில்லைப் போல உரசும். கையை எடுக்கும்வரை சுரம் நீளும். 1977இல் வெளியான ‘கொன்சிகுவென்சஸ்’ என்ற மூன்று இசைத்தட்டுத் தொகுப்பில் இதைக் கேட்கலாம். பின்னர் அமெரிக்காவின் மியூசிட்ரோனிக்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் மாறும்போது சக்கரங்கள் சரியாக இயங்கவில்லை. கருவி சந்தையில் நிலைக்கவில்லை.

தோற்றுப்போன இந்தக் கருவியை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஷெல்லிலும் மிதிவெடியிலும் விரல்களை இழந்தவர்கள் நம்மிடையே பலர். வலக்கையில் ஒரு விரல் எஞ்சியிருந்தாலும் கட்டையை அழுத்தலாம். விரலே இல்லாவிட்டால், கட்டைகளைக் காலால் மிதிக்கும்படி மாற்றி அமைக்கலாம் என்பது என் எண்ணம்.

இடக்கை பாதிக்கப்பட்டவருக்கு இது மட்டும் போதாது. சுரத்தை மாற்றத் தந்தியை அழுத்தவேண்டும். ‘பிளாக் சபத்’ குழுவின் டொனி அயோமி 17 வயதில், தந்தியை அழுத்தும் கையின் இரு விரல்நுனிகளைத் தொழிற்சாலை இயந்திரத்தில் இழந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தனக்கு விரல்தொப்பி செய்துகொண்டு, உலகப் புகழ்பெற்ற கிற்றார் கலைஞரானார். விரல்களே இல்லாதவர் கிற்றாரை மடியில் கிடத்தி, மணிக்கட்டில் கட்டிய உருக்குத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்க முயலலாம்.

உப்புக்காற்று வீசும் எங்கள் தீவுகளுக்கு இந்தச் சக்கரங்களை அப்படியே கொண்டுவர முடியாது. துருப்பிடிக்காத தண்டும், ஈரத்தில் ஊதாத சக்கரமும், பற்றரியில் ஓடும் சிறு மோட்டரும் வேண்டும். செயற்கைக் கை, கால் செய்பவரும் வானொலி திருத்துபவரும் இசை ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்தால் செய்து பார்க்கக்கூடிய வேலைதான் இது. வாசிக்கப்போகிறவரையும் முதல் நாளிலிருந்தே அந்த மேசையில் இருத்தவேண்டும்.