கானமயிலும் மின்கம்பியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் மின்னுலைகளுக்கும் ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக் கானமயிலுக்கும் தொடர்பேதும் இல்லை என்று தோன்றலாம். எனினும் 2013 டிசம்பர் 31 முதல் நாடே ஒரு மின்தொகுப்பாக இணைந்துவிட்ட நிலையில், பாலைவனத்துச் சூரிய மின்சாரத்தைச் சுமக்கும் உயரழுத்தக் கம்பிகளே அப்பறவையின் மீட்சிக்குப் பெருந்தடையாக நிற்பது திருவள்ளூர் மாவட்டத்தாருக்கும் அயலார் சங்கதி அன்று.

பதினைந்து கிலோ வரை எடையுள்ள கானமயில், கூடு கட்டாமல் வெறுந்தரையிலேயே பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடுவது. கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேரெதிரே உள்ள கம்பி அதற்கு எளிதில் புலப்படுவதில்லை; அருகில் வந்தபின் கண்டாலும் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப இயலாது. இயற்கை வாழிடங்களில் இன்று எஞ்சியிருப்பவை 150 அளவிலேயே என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றிலும் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில் உள்ளது.

ஜெய்சல்மேர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த பாலைவனத் தேசியப் பூங்கா, பெயரில்தான் பூங்கா. சட்டப்படி அது சரணாலயமே, உள்ளே ஊர்களும் உண்டு. அங்குள்ள சம் என்னுமிடத்தில், மத்திய அரசும் ராஜஸ்தான் அரசும் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் இணைந்து 2019-இல் இனப்பெருக்க மையம் ஒன்றைத் தொடங்கின. வெளியில் திரட்டிய முட்டைகளைப் பொரிப்பானில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, அக்குஞ்சுகளை மனிதர் கையால் ஊட்டி வளர்த்ததோடு, 2024-இல் செயற்கைமுறைக் கருவூட்டல் வழியாகவும் ஒரு குஞ்சு கிடைத்தது.

எனினும், கூண்டில் பெருக்குவது பாதி வேலைதான் என்பதற்கு ஓமன் நாட்டு அனுபவம் சான்றாகும். காட்டில் 1972-இல் அற்றுப்போன அரேபிய ஒரிக்ஸ் என்னும் நெடுங்கொம்பு மானினத்தை, வளர்ப்பிலிருந்து எடுத்து 1982-இல் அந்நாட்டுப் பாலையில் விட்டனர். 1996-இல் 450 வரை பெருகிய அது, கள்ளவேட்டையாலும் வாழிடச் சிதைவாலும் 2007-இல் 65 ஆகச் சுருங்கியது. ஓமன் அரசு அந்த மானினத்துக்கான சரணாலயத்தின் பரப்பில் 90 விழுக்காட்டைக் குறைத்ததால், யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலிருந்தே அவ்விடம் நீக்கப்பட்டது.

இந்தியாவில், முக்கிய வாழிடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டது; எல்லா இடத்திலும் அது இயலாது என அரசு முறையிட்டதன்பேரில், 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி வல்லுநர் குழுவை அமைத்தது. கம்பியில் தொங்கிச் சுழன்று ஒளிவீசும் எச்சரிக்கைத் தகடுகள் மலிவானவை என்றாலும், அவை மோதலைக் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுப்பதில்லை. கானமயிலின் மற்றொரு புகலிடம் பொக்ரான் இராணுவப் பயிற்சிக் களம். அதற்கும் பூங்காவுக்கும் இடைப்பட்ட வெளியிலும் மின்தடங்கள் ஓடுகின்றன. எனவே, வளர்ப்புப் பறவைகளை எங்கே விடுவது என்ற முடிவைப் பறவை வல்லுநரோடு மின்தடம் வகுப்போரும் அமர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது.