அழித்தாலும் போகாத கரி

கையால் வரையும் அனிமேஷன் என்றால் நொடிக்கு 24 சட்டகங்கள், அவற்றை நிரப்ப ஆயிரக்கணக்கான தாள்கள், ஒரு கூடம் நிறைய ஓவியர்கள் என்ற ஏற்பாடே பொதுவாக நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989-இல் ஜோகன்னஸ்பர்க் நகரைக் களமாக வைத்துத் தொடங்கிய குறும்பட வரிசைக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு காட்சிக்குச் சுவரில் ஒரே தாள், கரித்துண்டு, எதிரே முக்காலியில் ஒரு ஃபிலிம் கேமரா, அவ்வளவுதான். படத்தில் ஒருவர் கையை உயர்த்த வேண்டுமென்றால், வரைந்த கையை அழித்து, சற்று மேலே மீண்டும் வரைந்து, கேமரா வரை நடந்துபோய் ஓரிரு சட்டகங்களைப் பதிவு செய்து, மறுபடியும் தாளுக்குத் திரும்ப வேண்டும். கரியை எவ்வளவு தேய்த்தாலும் தாளை விட்டு முழுவதுமாகப் போகாது என்பதால், அந்தக் கை முன்பு இருந்த இடங்களெல்லாம் சாம்பல் நிறத் தடமாகத் திரையில் தங்கிவிடுகின்றன. மற்ற அனிமேஷன் கூடங்களில் பிழையென்று ஒதுக்கப்படக்கூடிய இந்த அழுக்குதான் இவரது படங்களின் உயிர்நாடி.

கறுப்பின மக்கள் எங்கு சென்றாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டுமென்ற சட்டத்தை எதிர்த்து தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் கூடியவர்கள் மீது 1960 மார்ச் 21 அன்று போலீசார் சுட்டதில், அரசுக் கணக்குப்படி 69 பேர் இறந்தனர். நிறவெறி அரசின் வழக்குகளில் எதிர்த்தரப்புக்காக வாதாடியவர் வில்லியமின் தந்தை சிட்னி கென்ட்ரிட்ஜ். அவருடைய அறையிலிருந்த ஒரு மஞ்சள் பெட்டியைச் சாக்லேட் பெட்டி என்று எண்ணி, ஆறு வயது மகன் வில்லியம் திறந்தபோது, உள்ளே இருந்தவை அந்தச் சடலங்களின் புகைப்படங்கள். அத்தகைய படத்தை முதன்முறை பார்க்கையில் உண்டாகும் அதிர்ச்சி பத்தாவது முறை பார்க்கையில் இருப்பதில்லை. பழகிப்போன அந்தக் கண்ணை மீண்டும் நிறுத்திப் பார்க்கவைக்க ஒருவர் அதையே நாட்கணக்கில் கையால் வரைய வேண்டியிருக்கிறது போலும்.

1994 ஏப்ரலில் அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலுக்குச் சற்று முன் முடிக்கப்பட்ட 'ஃபீலிக்ஸ் இன் எக்ஸைல்' படத்தில் இதைக் கூர்ந்து காணலாம். நிலம் அளக்கும் தியோடலைட் கருவியுடன் நந்தி என்ற கறுப்பினப் பெண், பொட்டல்வெளியில் கிடக்கும் சடலங்களை வரைந்துகொண்டே போகிறாள். காயங்களைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள் விழுகின்றன. செய்தித்தாள்கள் பறந்துவந்து உடல்களைப் போர்த்துகின்றன. பிறகு அவ்வுடல்கள் மெல்ல மண்ணோடு மண்ணாகின்றன. இறுதியில் நந்தியும் சுடப்பட்டு அதே நிலத்துக்குள் மறைகிறாள். சுரங்கம் தோண்டிக் குவித்த மேடுகளைத் தவிர வேறு அடையாளமில்லாத அந்த நிலம் எதையும் நினைவில் வைக்காது. அழித்த தடத்தைத் தாங்கிய தாள் மட்டும் வைத்திருக்கிறது.

கேமராவையும் இவர் சும்மா விடவில்லை. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் நோக்கத்துடன் செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்க வழிசெய்தது. அதையொட்டி 1997-இல் வந்த 'உபு டெல்ஸ் தி ட்ரூத்' படத்தில், பழைய செய்திப்படத் துண்டுகளுக்கு நடுவே, முக்காலிக் கால்களில் நடக்கும் ஒரு கேமராவே கொலைக்கருவியாக உருமாறுகிறது.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது: சாவு கறுப்பினத்தவருக்கும், அதை எண்ணி வருந்தும் மனம் வெள்ளையருக்கும் என்றே இக்கதைகள் பெரும்பாலும் பங்கிடப்படுகின்றன. அந்த மனத்தின் மீதும் கென்ட்ரிட்ஜுக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. ஆணையத்தின் விசாரணைகள் தொடங்கிய 1996-இல் வெளிவந்த 'ஹிஸ்டரி ஆஃப் தி மெயின் கம்ப்ளெய்ன்ட்' படத்தில், கோடுபோட்ட கோட்டணிந்த சுரங்க முதலாளி சோஹோ எக்ஸ்டைன் நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கிறார். சாலையோரத்தில் கண்ட வன்முறையும் காரில் மோதிய மனித உருவமும் நினைவில் எழும்பி வந்ததும் விழித்தெழும் அவர், மறுகாட்சியில் தமது மேசைக்குத் திரும்பி வழக்கம்போல் வேலையைத் தொடங்கிவிடுகிறார்.