தலைக்கனம் நல்லதுதான்

திருப்பதி, சித்தூர் வட்டாரக் காடுகளில் இரண்டு மரங்கள். ஒன்று செம்மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். திருப்பதிச் சிற்பிகளின் பொம்மைகளால் பெயர் பெற்றது. மற்றொன்று, பீடிக்கு இலை தரும் துனிகி. இதன் அமெரிக்க உறவினரான பெர்சிமன்தான் பல பத்தாண்டுகளாக கோல்ஃப் மட்டைகளுக்குத் தலையாக இருந்தது.

உறுதியான மரம். ஆனால் ஒரு குறை. கட்டையின் கனம் நடுவிலேயே திரண்டிருந்தது. பந்து நடுவில் பட்டால் அம்பாகப் பாயும். சற்று விலகினாலும் தலை திரும்பிக்கொள்ளும், பந்து புதருக்குள்.

விடை கழைக்கூத்தாடியின் கையில் இருக்கிறது. கயிற்றில் நடக்கும்போது நீண்ட கம்பு எதற்கு? கனம் நடுவை விட்டு விலகிப் பரவியிருந்தால் எதுவும் எளிதில் சுழலாது. இந்த உத்தியை, நார்வேயில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம், பந்தைக் குழிக்குள் தள்ளும் 'பட்டர்' மட்டையில் 1959-ல் கையாண்டார். 1979-ல் டெய்லர்மேட் நிறுவனம் உள்ளீடற்ற எஃகுத் தலையைக் கொண்டுவந்தது. 1990-களில் டைட்டானியம் பரவியது. எஃகைவிட ஏறத்தாழ 40 சதவீதம் இலேசு. ஓட்டை மெல்லியதாக்கி, மிச்சமான எடையைப் பின்புறத்திலும் அடியிலும் வைத்தார்கள். பந்து உயர எழும்பியது. பிசகிய அடியும் அதிகம் பிசகவில்லை.

லாபம் யாருக்கு? பெரும்பாலும் நடுவில் அடிக்கும் சாம்பியனைவிட, வாரம் ஒருநாள் ஆடுகிறவருக்குத்தான். தலை பெருத்துக்கொண்டே போகவே, விதிகள் அதை 460 கன சென்டிமீட்டருடன் நிறுத்திவிட்டன.

நஷ்டம், மரத்தை இழைத்துத் தலை செய்தவர்களுக்கு. அவர்கள் கைக்கு வேலை இல்லாமல் போனது. உளி பிடிக்கும் திருப்பதிக் கைகளுக்கு அந்த வலி புரியும்.