சாயத் தண்ணீருக்குள் வெயில் இறங்கும் வழி

சாயக்கழிவு நீரை வெயிலைக் கொண்டு தெளியவைக்கும் கலன் ஒளிவினைகலன். இதில் வேலை செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ப் பெயிண்டுக்கு வெண்மை தரும் அதே சேர்மம். இதற்கு மூலப்பொருளான இல்மனைட் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் டைட்டானியம் டை ஆக்சைடுத் தூளின் மேற்பரப்பில் எலக்ட்ரான் பெயர்ந்து துளை உண்டாகிறது. துளை தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பைப் பிறப்பிக்க, அது சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைக்கிறது. இந்தச் சேர்மத்தின் ஒளிப்பண்பை 1972இல் உலகறியச் செய்தவர்கள் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும்.

கலனுக்குக் கலன் மாறுவது ஒளியைத் தண்ணீருக்குள் இறக்கும் முறைதான். வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு நான்கைந்து. அதையும் சாயம் மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடும். சுங்குடிச் சேலைக்குச் சாயம் காய்ச்சிய அண்டாவில் கைவிட்டால் விரல் நுனி கண்ணுக்குத் தெரியாது. ஆழத் தொட்டி இதற்கு உதவாது.

பரவளையத் தொட்டிக் கண்ணாடி வெயிலைக் கழிவுநீர் ஓடும் ஒரு குழாய்மேல் குவிக்கும். ஆனால் சூரியனைத் தொடர்ந்து திரும்ப அதற்கு மோட்டார் வேண்டும். வானத்தில் சிதறி வரும் ஒளியும் அதற்குப் பயன்படாது. புற ஊதாவில் கணிசமான பங்கு சிதறித்தான் வருகிறது என்பதால் இது பெரிய இழப்பு.

கூட்டுப் பரவளைய வகை இந்தக் குறையைத் தீர்க்கிறது. கண்ணாடிக் குழாயின் அடியில் இரு இறக்கைபோல் வளைந்த அலுமினியத் தகடு, எத்திசை ஒளியையும் குழாயின் முதுகுவரை அனுப்பும். மோட்டார் தேவையில்லை, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்துவைத்தால் போதும். இவ்வகைக் கலன்கள் நெடுங்காலம் ஆராயப்பட்ட ஸ்பெயினின் அல்மேரியாவில் அது 37 பாகை. மதுரையை ஒட்டிய விளாங்குடியில் சுமார் 10 பாகை. ஏறக்குறைய மொட்டைமாடியில் படுக்கவைத்த மாதிரி. வைகைச் சமவெளிக்கு மிகவும் பொருந்துவது இதுவே.

தொல்லை, தூளை மீட்பதில். லிட்டருக்கு ஒரு கிராம் போட்டாலே தண்ணீர் பால்போலாகும். துணியில் வடிகட்டினால் தூளும் கூடவே ஒழுகிவிடும். அமிலமும் காரமுமில்லாத நடுநிலைக்குக் கொண்டுவந்தால் துகள்கள் திரண்டு மெல்லப் படியும். இந்தப் பாடு வேண்டாமென்றால் சாய்பலகை வகை உண்டு: தூளைப் பூசிய பலகையில் தண்ணீர் மெல்லிய படலமாய் வழியும். பூச்சோடு தொடும் நீர் குறைவு என்பதால் வேகமும் குறைவு. இடமும் நிறைய வேண்டும். ஆனாலும் சிறு பட்டறைக்கு இது எளிது.

நிறம் போனாலும் சாயமேற்றச் சேர்த்த உப்பு எந்தக் கலனிலும் அப்படியே நிற்கும். கழிவே வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நிபந்தனைக்கு உட்பட, ஒளிவினைகலனுக்குப் பின் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வும், மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கியும் வேண்டும்.