குஞ்சிலேயே சேவலா, பெட்டையா?

முட்டையிலிருந்து வெளிவந்த நாட்டுக்கோழிக் குஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் அது சேவலா பெட்டையா என்று சொல்லிவிட முடியாது. சேவலின் விதைகள் முதுகெலும்பை ஒட்டி உடலுக்குள் இருப்பதால் வெளியே அடையாளம் ஏதும் தெரிவதில்லை. கொல்லையில் வளரும் குஞ்சுகளில் எதை முட்டைக்கு நிறுத்துவது, எதை விற்பது என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழிந்த பிறகே தெளிவாகிறது. அதற்கு முன்பே கண்டுகொள்ள வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு வழியும் சில இனங்களுக்கும் சில வயதுக்கும் மட்டுமே பொருந்தும். குஞ்சின் இனம் தெரியாமல் அதன் பாலைத் தேடுவது பாதி வேலைதான்.

கூர்முனை முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் உண்மை இல்லை. கோழிகளில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாயின் கருமுட்டை டபிள்யூவோடு வந்தால் பெட்டை, இசட்டோடு வந்தால் சேவல். மஞ்சள் கரு சூலகத்தை விட்டு இறங்கும்போதே இது முடிவாகிவிடுகிறது. வெள்ளைக்கருவும் ஓடும் சேர்ந்து முட்டை வடிவம் பெறுவது அதற்குப் பிறகு, கருக்குழாயில்தான். நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பதும் குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பதும் இதே போன்ற நம்பிக்கைகளே.

ஒரு நாள் குஞ்சின் பாலைக் கண்டறியும் முறையை உலகுக்குக் கற்றுத்தந்தவர்கள் ஜப்பானியர்கள். எச்சத்துவாரத்தை மெல்லப் பிதுக்கினால் உள்விளிம்பில் மிகச் சிறிய புடைப்பு ஒன்று தெரியும்; அதன் வடிவத்தையும் விறைப்பையும் கொண்டு சேவலைப் பிரிக்கலாம். கியோஷி மசுயி, ஜுரோ ஹாஷிமோட்டோ ஆகியோர் 1920களில் இதை ஆராய்ந்தனர். 1927இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழியின மாநாட்டின் வழியே இது பிற நாடுகளுக்கும் தெரிய வந்தது. சில பெட்டைகளுக்கும் புடைப்பு இருப்பதால் நீண்ட பயிற்சி பெற்ற கைகளுக்கு மட்டுமே இது வசப்படும். வீட்டில் முயன்றால் குஞ்சின் உள்ளுறுப்பு காயப்படும், முயலவே கூடாது.

இறகைப் பார்த்துப் பிரிப்பது இதைவிட எளிது. இறகு மெதுவாக வளரச் செய்யும் மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. இறகு விரைவாக முளைக்கும் சேவலை, மெதுவாக முளைக்கும் பெட்டையோடு இணை சேர்த்தால், பிறக்கும் பெட்டைக்குஞ்சின் இறக்கையில் முதன்மை இறகுகள் மேல்வரிசை இறகுகளைவிட நீளமாக இருக்கும். சேவல்குஞ்சுக்கு இரு வரிசையும் ஏறக்குறைய சமம். பொரித்த ஓரிரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். பெற்றோரை இப்படித் திட்டமிட்டுச் சேர்க்காத கொல்லைக் கோழிகளிடம் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. இணையத்தில் படம் பார்த்து நாட்டுக்குஞ்சின் இறக்கையை விரிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

நிறத்தைக் கொண்டு பிரிப்பதும் அப்படித்தான். ரோட் ஐலண்ட் ரெட் சேவலை, வரியிறகு கொண்ட பிளைமௌத் ராக் பெட்டையோடு சேர்த்தால், உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளியோடு பிறக்கும் கருங்குஞ்சு சேவல். புள்ளி இல்லாதது பெட்டை. இந்த மரபியலை வளர்ப்போருக்குப் பயன்படும்படி ஆக்கியவர்களில் கேம்பிரிட்ஜின் ரெஜினால்ட் பன்னெட் முக்கியமானவர்.

வீட்டில் வளர்ப்பவருக்கு உண்மையில் உதவுவது பொறுமையான ஒப்பீடு. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் சேவல்குஞ்சின் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கும், தாடியும் தலைகாட்டும். பெட்டையின் கொண்டை வெளிறி, சிறுத்தே இருக்கும். சேவலின் கால் பருமனாக இருக்கும், நிற்பதும் நிமிர்ந்துதான். பெட்டைக்கு முதுகும் வாலும் சீக்கிரம் இறகு மூடிவிடும். சேவலுக்குத் தோள்பட்டை சில காலம் மொட்டையாகத் தெரியும். சண்டை போடுவதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பெட்டைகளும் முட்டி மோதும்.

ஐயமின்றிச் சொல்ல வைப்பது மூன்றாம் மாதத்தை ஒட்டி முதுகின் பின்பகுதியில் முளைக்கும் இறகு. சேவலுக்கு அது நீண்டு, ஒடுங்கி, நுனி கூராக, பளபளப்போடு இரு பக்கமும் சரிந்து தொங்கும். பெட்டைக்கு நுனி வட்டமாகவே இருக்கும். அரிவாளாக வளையும் வால் இறகும் கூவலும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த அடையாளங்களும் எல்லா இனத்துக்கும் ஒன்றல்ல. அசில் இனத்துக்கு இருப்பது பட்டாணிக் கொண்டை. மூன்று வரிசையாகத் தலையோடு படிந்து கிடக்கும். ஒற்றைக் கொண்டை இனத்தில் ஐந்தாம் வாரம் தெரிவது அசில் சேவலிடம் வெகு தாமதமாகத்தான் தெரியும். பெட்டையும் நிமிர்ந்து நிற்கும் இனம் என்பதால் நிற்கும் தோரணையும் கைகொடுக்காது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத்தின் கொண்டையே கருமை ஓடியது. அங்கே சிவப்பைத் தேடாமல் கொண்டையின் அளவைப் பார்க்க வேண்டும்.

இனத்தைக் கண்டுகொள்ள நிறத்தைவிடக் கொண்டையின் வகை, கால், தோல், விரல் ஆகியவையே நம்பத்தக்கவை. குஞ்சின் தூவி உதிர்ந்து புது இறகு வரும்போது நிறம் மாறிவிடும். மஞ்சள் குஞ்சுகள் பல வெள்ளைக் கோழியாகின்றன. கழுத்தறுத்தான் கோழியைப் பிறந்த அன்றே அறியலாம். கழுத்து வெறுமையாக இருக்கும். முன்கழுத்தில் ஒரு கொத்து இறகு இருந்தால் அதன் பெற்றோரில் ஒன்று சாதாரணக் கோழியாக இருந்திருக்கலாம். காலில் ஐந்து விரல் இருந்தால் சில்கி போன்ற ஒருசில இனங்களின் கலப்பை எண்ணிப் பார்க்கலாம். கருந்தோல் மட்டும் கடக்நாத் என்பதற்குச் சான்றாகாது. அந்த மரபணு ஓங்கு தன்மை உடையது என்பதால் கலப்புக் குஞ்சும் கறுத்த தோலோடு பிறக்கலாம். நூரி, யாகூப் போன்றவை அசிலின் நிறப் பெயர்களே அன்றித் தனி இனங்கள் அல்ல.

சந்தையில் ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இங்கேதான். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்றவை வண்ண இறகோடு நாட்டுக்கோழியைப் போலவே தோன்றும். நல்ல கோழிகள்தான், ஆனால் சிறுவிடை என்ற நாட்டுக்கோழியின் பெயரில் அவற்றை விற்பது நியாயமல்ல. பச்சையும் ஊதாவுமாகச் சாயம் பூசித் தெருவில் விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய சேவல்கள். குளிரும் பசியும் தாங்காமல் அவற்றில் பல சில நாட்களில் இறந்துவிடுகின்றன. குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக அவற்றை வாங்கித் தருவது கொடுமை. பொரிப்பகங்களில் சேவல்குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. அங்கே முட்டைக்குள்ளேயே பாலைக் கண்டறிந்து, பெட்டை முட்டைகளை மட்டும் பொரிக்க வைக்கும் முறை வளர்ந்துவருகிறது.

தூய இனம் வேண்டுமென்றால் குஞ்சை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. தாயையும் தந்தைச் சேவலையும் அதே பண்ணையில் நேரில் பார்த்து, முந்தைய அடையில் பொரித்து இப்போது வளர்ந்து நிற்கும் உடன்பிறப்புகளையும் பார்த்து வாங்க வேண்டும். உடன்பிறப்புகள் ஆளுக்கொரு கொண்டையும் கால் நிறமுமாக இருந்தால், விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் அவை கலப்புக் குஞ்சுகளே.